ஒன்பதாயிரம் ரூபாய் டிக்டிக்

கேள்வி: நான்கு வருடக் கார். காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்டிக்டிக்’ என்ற சத்தம்தான் வருகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. தெருமுனை மெக்கானிக் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, செல்ஃப் மோட்டார் போச்சு, ஒன்பதாயிரம் ஆகும் என்கிறார். மாற்றிவிடலாமா? (அல்சூர், பெங்களூரு)

பதில்: பொறுங்கள். படபடவென்று டிக்டிக் வந்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும். செல்ஃபில் இருக்கும் சொலினாய்டு (மின்காந்த சுவிட்ச்) இழுக்கிறது, மோட்டாரைச் சுற்றக் கரண்ட் போதாமல் வோல்ட் சரிகிறது, சொலினாய்டு விட்டுவிடுகிறது, உடனே மறுபடி இழுக்கிறது. அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேட்பது. ஒரே ஒரு தடவை கனமாக ‘டக்’ என்று கேட்டு, ஹெட்லைட்டும் மங்காமல் எரிந்தால் அப்போது செல்ஃப் மேல் சந்தேகப்படலாம்.

வீட்டில் யாரையாவது காருக்கு முன்னால் நிற்கச் சொல்லி, லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். லைட் சுத்தமாக மங்கினால் கோளாறு பேட்டரியில், அல்லது அதில் ஒயர் மாட்டும் முனையான டெர்மினலில். பானெட்டைத் திறந்து டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கிறதா, அசைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ் என்று கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரில் தேய்த்து, துடைத்துக் காயவிடுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். அதற்கும் மசியவில்லை என்றால் வோல்ட் மீட்டர் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-ஐ ஒட்டி இருந்தால் காலி. சார்ஜ் ஏற்றிய பிறகும், சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. மீட்டரே வைக்காமல் ஒன்பதாயிரம் சொன்னவர் பக்கம் இனிமேல் பஞ்சருக்குக்கூடப் போகாதீர்கள்.

கேள்வி: ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் பில் வேண்டாம் என்றால் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள், பேட்டரி வாங்கினேன். ஏழே மாதத்தில் படுத்துவிட்டது. கடைக்காரர் என்னைப் பார்த்ததே இல்லை என்கிறார்... (மர்ஃபி டவுன்)

பதில்: வாரண்டியை ஆயிரம் ரூபாய்க்கு நீங்களே விற்றுவிட்டீர்கள். பில் தராமல் விற்பது சட்டப்படி அவர் செய்த தப்புதான். ஆனால் அவரிடம்தான் வாங்கினீர்கள் என்று காட்ட ஏதாவது வேண்டாமா? யு.பி.ஐ.யில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவோடு போய்ப் பேசுங்கள். ரொக்கம் என்றால் விட்டுத்தள்ளுங்கள்.

கேள்வி: கணவர் போன பிறகு காரை நான்தான் ஓட்டுகிறேன். ஓசூர் ரோட்டில் நின்றுவிட்டது. போன் செய்ததும் வந்தவர் புது பேட்டரி மாட்டி, பழையதை எடுத்துக்கொண்டு போனார். 6,200 ரூபாய், பில் இருக்கிறது. மூன்று மாதத்தில் போய்விட்டது. கம்பெனி சர்வீஸ் ஆள் பார்த்துவிட்டு, பேட்டரி இரண்டு வருடப் பழசு, ஸ்டிக்கர் மட்டும் புதுசு என்கிறார். வக்கீல் வைக்க வசதியில்லை... (ஜீவன் பீமா நகர்)

பதில்: அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. லாரிகள் உரசிக்கொண்டு போகிற ரோட்டில் நின்றுகொண்டு யார் ஸ்டிக்கரை ஆராய்வார்கள்? சர்வீஸ் ஆள் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். பேட்டரியைத் திருப்பிக் கொடுத்துவிடாமல் சீரியல் நம்பர் தெரிய போட்டோ எடுங்கள். பதினைந்து நாள் கெடு வைத்துக் கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, நீங்களே பேசலாம். பேட்டரி விலையோடு அலைச்சலுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

இதைச் சாக்காக வைத்து மற்றவர்களிடம் கொஞ்சம் கத்திக்கொள்கிறேன். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிறோம். ஆறாயிரம் ரூபாய் பேட்டரியில் தயாரித்த மாதம் எங்கே இருக்கிறது என்று கேட்க மட்டும் வெட்கம். பேட்டரியின் மேல் தேதிக் குறியீடு இருக்கும். புரியாவிட்டால் கடைக்காரரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஈய பேட்டரி அலமாரியில் சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கும், இறங்கியபடியே மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே தகடுகள் கெடும். சீரியல் நம்பர் பில்லிலும் ஏற வேண்டும், வாரண்டி கார்டிலும் ஏற வேண்டும், கார்டில் தேதியும் முத்திரையும் விழ வேண்டும். ‘24+24’ என்று போட்டிருந்தால் நாலு வருடமும் இலவசம் என்று நினைக்காதீர்கள்: முதல் 24 மாதம் இலவச மாற்று, அடுத்த 24-இல் புதிய பேட்டரி விலையில் தள்ளுபடி மட்டும். பழைய பேட்டரியில் ஈயம் இருக்கிறது, அதற்கு விலை உண்டு. பில்லில் அதைக் கழித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘சும்மா எடுத்துட்டுப் போறேன் சார்’ என்பவர் சும்மா எடுத்துக்கொண்டு போகவில்லை.

கேள்வி: மூன்று மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். மறுபடி அதே டிக்டிக். எந்தப் பிராண்ட் நல்லது? (பானஸ்வாடி)

பதில்: பிராண்டை விடுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வருகிறதா? வராவிட்டால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையோ, அதைச் சுற்றும் பெல்ட்டையோ பாருங்கள். வந்தால், கார் நிற்கும்போதும் ஓடுகிற டேஷ்கேமையோ, டிக்கியில் அணையாத விளக்கையோ தேடுங்கள். முதல் பேட்டரிக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை இது.

கேள்வி: ஜம்ப் கேபிள் ஆன்லைனில் 349 ரூபாய், 500 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா? (விவேக் நகர்)

பதில்: நான் வாங்கினேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் வழியில், கிருஷ்ணகிரி தாண்டி, பக்கத்துக் காரிலிருந்து போட்டேன். கார் அசையவில்லை, கேபிள் மட்டும் சூடாகி நாற்றம் அடித்தது. வீட்டுக்கு வந்து வெட்டிப் பார்த்தால் விரல் தடிமன் ரப்பருக்குள்ளே தீக்குச்சி தடிமன் கம்பி. உள்ளே எத்தனை சதுர மில்லிமீட்டர், செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள். போடும்போது கடைசிக் கறுப்புக் கிளிப்பை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல் அதே காரின் இன்ஜின் உலோகத்தில் மாட்டுங்கள்.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட்டில் நாலு பேர் தள்ளியும் ஸ்டார்ட் ஆகவில்லை. கார் ஆட்டோமேட்டிக். இன்னும் வேகமாகத் தள்ள வேண்டுமா?

பதில்: அந்த நாலு பேருக்கும் டீ வாங்கிக் கொடுங்கள். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது.