டாட்ரிட்ஜ் வீட்டு அடுப்படி

அன்புள்ள ஐயா,

பிலிப் டாட்ரிட்ஜ் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். 18ஆம் நூற்றாண்டில் ஒரு போதகர் ஒற்றை ஆளாக இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் ஒரு கல்லூரியையே நடத்தியிருக்கிறார். இன்று ஏன் அப்படி ஒரு ஆசிரியர் இல்லை? அவருடைய தாய்க்கு இருபது பிள்ளைகள் என்றீர்களே, நிஜமா? மகள் இறந்தபோது இறைவன் சித்தத்துக்குப் பணியச் சொல்லிப் பிரசங்கம் செய்தாராம். கல்நெஞ்சம் இல்லையா அது?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

இருபது பிள்ளைகள் நிஜம்தான். கடைசிப் பிள்ளை இவர். 1702இல் லண்டனில் பிறந்தபோது உயிரில்லை என்று ஒதுக்கிவைத்துவிட்டார்கள். இருபதில் வளர்ந்து ஆளானது இவரும் ஒரு சகோதரியும் மட்டுமே.

‘இன்று ஏன் இல்லை’ என்று எதற்கெடுத்தாலும் பெருமூச்சு விடுவதை நீங்கள் நிறுத்த வேண்டும். அந்நாளில் ஆங்கிலத் திருச்சபையின் 39 கோட்பாடுகளை ஏற்றுக் கையெழுத்துப் போடாதவனை ஆக்ஸ்போர்டு உள்ளேயே விட்டதில்லை. கேம்பிரிட்ஜ் படிக்கவிட்டது, பட்டம் தரவில்லை. அதனால் டிஸென்டர்கள், அதாவது அந்தத் திருச்சபையில் சேராத புராட்டஸ்டண்ட்கள், தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே கல்விக்கூடம் வைத்துக்கொண்டார்கள். திருச்சபைப் போதகராவதானால் படிப்புச் செலவை ஏற்கிறேன் என்று பெட்ஃபோர்டு சீமாட்டி சொன்னதை மறுத்தவர் டாட்ரிட்ஜ். 1729இல் தானே கல்விக்கூடம் தொடங்கினார். லத்தீனை விட்டு ஆங்கிலத்தில் பாடம் நடத்தினார். எந்த விவாதமானாலும் இரு தரப்பு நூல்களையும் மாணவன் முன் வைத்து, நீயே படித்து முடிவுக்கு வா என்றார். எனக்கு அவரைப் பிடிப்பது இதனால்தான்.

ஆனால் ஒற்றை ஆளாக நடத்தினார் என்று எப்படி எழுதினீர்கள்? மாணவர்களில் பெரும்பாலானோர் தங்கியது அவர் வீட்டில். சுமார் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 200 பேர். அந்த வீட்டை நடத்தியது யார்? 1730இல் அவரை மணந்த மெர்சி மாரிஸ். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று ஐந்தைப் பறிகொடுத்தவள். உங்கள் கடிதத்தில் அவளுக்கு ஒரு வரிகூட இல்லை.

என் பெரியப்பா தலைமையாசிரியர். வெளியூர்ப் பையன்கள் அவர் வீட்டில் தங்கிப் படித்தார்கள். பெரியம்மா விடிவதற்குள் உலை வைத்துவிடுவாள். காய்ச்சலில் கிடந்த பையனுக்குக் கஞ்சி, வீட்டு நினைப்பில் அழுதவனுக்கு அதட்டல், எல்லாம் அவள்தான். பெரியப்பாவின் இரங்கல் கூட்டத்தில் பழைய மாணவர்கள் அவருடைய இலக்கண வகுப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள். பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள். பரிமாறியது யார் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

கல்நெஞ்சம் என்றீர்கள். 1736இல் ஐந்து வயதுகூட நிறையாத எலிசபெத் இறந்தாள். அவர் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்ட வசனம், பைபிளில் பிள்ளை செத்துக் கிடக்கையில் சூனேமியப் பெண் சொன்ன ‘சுகந்தான்’. கல்நெஞ்சக்காரனுக்கு அந்த வசனம் கண்ணில் படாது ஐயா. ஆனால் வேதத்தில் அதைச் சொன்னவள் தாய், பிரசங்க மேடையில் நின்றவர் தகப்பன். மெர்சி என்ன சொல்லியிருப்பாள் என்பதுதான் என்னை விடாமல் குடைகிறது.

1751இல் காசநோய் முற்றி, வெயில் தேடி லிஸ்பனுக்குக் கப்பலேறினார். மெர்சியும் உடன் போனாள். போய்ச் சேர்ந்த சில நாட்களில், அக்டோபர் 26 அன்று, அவர் இறந்தார். அந்நிய ஊரில் அடக்கம் செய்துவிட்டு அவள் தனியே திரும்பினாள். அப்புறம் நடந்ததைக் கேளுங்கள்: கணவர் வெளிநாட்டில் இறந்ததால் விதிப்படி அவளுக்கு வரவேண்டிய ஆண்டுத்தொகை கிடையாதாம்! நண்பர்கள் பணம் திரட்டித்தான் ஈடுகட்டினார்கள். நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இன்னும் 39 ஆண்டுகள் வாழ்ந்தாள்.

டாட்ரிட்ஜின் கடிதங்கள் 1829 முதல் ஐந்து தொகுதிகளாக வந்திருக்கின்றன. பதிப்பித்தது கொள்ளுப்பேரன். ஆள் வாசகங்களில் கைவைத்திருக்கிறார், ஜாக்கிரதையாகப் படியுங்கள். மெர்சிக்கு எழுதியவற்றிலிருந்து தொடங்குங்கள். பிரசங்கங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.