தனியே அடக்கம், நான்கும் சேர்ந்தால் ஆட்டம்

கேள்வி: சேலத்தில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். நெகிழும் சூரியத் தகடுகள் கொண்ட நான்கு செயற்கைக்கோள்களை ஒரே திசைக்குத் திருப்புவது என் புராஜெக்ட். தகடுகளின் அதிர்வெண் 0.4 ஹெர்ட்ஸ், கோளுக்குக் கோள் தகவல் போய்ச்சேர 0.5 விநாடி. ஒரு கோள் மட்டும் என்றால் 30 பாகை அழகாகத் திரும்பி நிற்கிறது. வளையமாக இணைத்தால் தகடுகள் அடங்குவதே இல்லை. கெயினை, அதாவது கோண வேறுபாட்டுக்கு எவ்வளவு விசை என்று சொல்லும் பெருக்கு எண்ணை, கூட்டினால் இன்னும் மோசம். என்ன செய்வது?

பதில்: முதலில் கெயினிலிருந்து கையை எடுங்கள். கோளாறு தகட்டில் இல்லை, இணைப்பில் இருக்கிறது.

உங்கள் வளையத்தில் ஒவ்வொரு கோளும் இரு அண்டைக் கோள்களோடு தனக்குள்ள கோண வேறுபாடுகளைக் கூட்டித் திருப்புவிசை தருகிறது. எந்தக் கோள் எதோடு இணைந்திருக்கிறது என்பதை எழுதும் லாப்லாசியன் அணிக்கு ஐகன் மதிப்புகள், அதாவது ஒவ்வோர் ஆட்ட வகையிலும் கெயின் எத்தனை மடங்காகும் என்ற எண்கள், 0, 2, 2, 4. அந்த 4-தான் வில்லன். அடுத்தடுத்த கோள்கள் எதிரெதிராக ஆடும்போது, நீங்கள் கொடுத்த கெயின் நான்கு மடங்காக வேலை செய்கிறது.

தாமதம் அதை முற்றவைக்கிறது. ஓர் ஆட்டத்துக்கு 2.5 விநாடி, அதில் 0.5 விநாடி என்பது 72 பாகைப் பின்னடைவு. கடைவீதியில் நீளக் கம்பிகளைப் பின்னால் நீட்டிக்கொண்டு போகும் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். கம்பியின் ஆட்டத்துக்கு இசைவாக வண்டி குலுங்கினால் ஆட்டம் வளரும். அண்டைக் கோளின் பழைய கோணத்தை நம்பித் தரும் விசையும் அப்படித்தான் விழுகிறது. கோண வரைபடத்தில் கோள்கள் 1, 3 ஒரு பக்கமும் 2, 4 மறுபக்கமும் ஆடுகின்றனவா பாருங்கள். ஆடினால் ஐயமே வேண்டாம்.

வேறுபாடுகளின் கூட்டுத்தொகையை 2-ஆல் வகுத்துவிடுங்கள். தணிக்கும் வேலையை அண்டையாரிடம் விடாதீர்கள். ஒவ்வொரு கோளும் தன் ஜைரோ (சுழற்சியை அளக்கும் கருவி) காட்டும் கோண வேகத்தை வைத்துத் தாமதமின்றித் தானே தணித்துக்கொள்ளட்டும்.

30 பாகையை ஒரே மூச்சில் கேட்பதும் வீண் வம்பு. 15 இப்போது, மீதி 15 அரை ஆட்ட நேரமான 1.25 விநாடி கழித்து என்று கொடுத்தால் இரண்டு ஆட்டங்களும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆனால் அந்த 0.4 ஹெர்ட்ஸ், தகட்டின் அடியை இறுகப் பிடித்துக் கணக்கிட்டதா? கோளும் சேர்ந்து அசைவதால் உண்மை அதிர்வெண் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். கட்டுப்பாடு இயங்கும்போது பதிவாகும் ஆட்டத்திலிருந்து நேரத்தை எடுங்கள். கட்டளையைப் பகிர்வதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். கோளுக்குக் கோள் தனித்தனியே பிரித்தால் ஒத்திசைவு போய்விடும்.

கட்டளையே இல்லாமலும் தகடு ஆடும். ஹபிள் தொலைநோக்கியின் முதல் சூரியத் தகடுகள், இருளிலிருந்து வெயிலுக்கு மாறும்போதெல்லாம் நடுங்கின. 1993-இல் அவற்றை மாற்றினார்கள். ஆகவே வெளி அதிர்வு ஒன்றையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். அங்கே கட்டளையைப் பிரிப்பது உதவாது, ஜைரோ தணிப்புதான் கைகொடுக்கும்.