கடலோர வீட்டுக்கு எந்தச் செடி? பெர்த் மணலில் நிற்கும் புதர்கள்

கேள்வி: பெர்த்துக்கு வடக்கே குவின்ஸ் ராக்ஸ் பகுதியில், கடலிலிருந்து சுமார் 400 மீட்டர் தள்ளிப் புதுவீட்டில் குடியிருக்கிறோம். மேற்குப் பக்க வேலி 12 மீட்டர் நீளம். அங்கே ஆறடி உயரத்துக்கு மறைப்பு வேண்டும் என்று போன நவம்பரில் பன்னிரண்டு லில்லி பில்லிக் கன்றுகளும் மூன்று பேங்க்ஸியாக்களும் நட்டோம். "எல்லாம் ஆஸ்திரேலியச் செடி, தானாக வளரும்" என்று விற்றவர் சொன்னார். ஊர் வழக்கப்படி குழிக்கு இரண்டு கை கோழி எரு போட்டேன். ஜனவரி முடிவதற்குள் லில்லி பில்லி இலைகள் ஓரம் கருகிவிட்டன. பத்து செத்துவிட்டன, இரண்டு மட்டும் நிற்கின்றன. பேங்க்ஸியா மூன்றும் மஞ்சளாகிப் போய்விட்டன. இனி என்ன வைக்கலாம்? பூஜைக்குக் கொஞ்சம் பூ கிடைத்தால் நல்லது. மிஞ்சிய இரண்டையும் பிடுங்கி எறியவா?

பதில்: உங்கள் கைராசியில் ஒரு குறையும் இல்லை. தவறான செடி, தவறான மாதம், தவறான உரம் மூன்றும் ஒரே குழியில் சேர்ந்துவிட்டன. பெர்த்தில் நர்சரி வேலையில் இருந்த காலத்தில், ஒவ்வொரு பிப்ரவரியிலும் இதே கருகிய இலையைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"ஆஸ்திரேலியச் செடி" என்ற பேச்சை முதலில் மறந்துவிடுங்கள். காஷ்மீர்த் தேவதாருவும் ராமநாதபுரத்து உடைமரமும் இந்திய மரங்கள்தான். அதற்காக ஒன்றை மற்றதன் இடத்தில் வைப்போமா? லில்லி பில்லி நம் நாவல் மரத்துக்கு நெருங்கிய உறவு, இரண்டும் சைஸிஜியம் இனம். அது கிழக்குக் கரையின் ஈரமான மழைக்காடுகளில் வளர்ந்தது. உங்கள் வீட்டிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள வாழ்க்கை அது. நீங்கள் அனுப்பிய படத்தில் ஊசியிலையோடு தெரியும் பேங்க்ஸியா, எரிசிஃபோலியா என்ற வகை. சிட்னிப் பக்கத்து மணற்பாறை நிலங்களின் புளிப்பு மண்ணில் சுகமாக இருக்கும் செடி.

உங்கள் மண் அதற்கு நேர்மாறு. பெர்த் கடலோரத்தில் முதலில் வருவது குவிண்டலப் மணல்மேடு. சிப்பி, சங்கு, நத்தை ஓடு எல்லாம் நொறுங்கிக் கலந்த சுண்ணாம்பு மணல். கொஞ்சம் உள்ளே போனால் ஸ்பியர்வுட் மணல், அடியில் சுண்ணாம்புப் பாறை. இன்னும் கிழக்கே போனால்தான் பாஸெண்டீன் என்ற சாம்பல்நிறப் புளிப்பு மணல் வரும். உங்களுடையது எது என்று தெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு கை உலர்ந்த மணலைத் தட்டில் பரப்பி, சமையலறை வினிகரை நாலு சொட்டு விடுங்கள். புஸ்ஸென்று நுரைத்தால் சுண்ணாம்பு. அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் புளிப்பு மண்ணுக்குப் பழகிய வேர் அதை எடுக்க முடியாது. நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இலை வெளுப்பது அதனால்தான்.

மஞ்சளான பேங்க்ஸியாவைக் கொன்றது அனேகமாக எரு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஆட்களில் பலர் பாசத்தோடு செய்யும் தவறு இது.

மேற்கு ஆஸ்திரேலிய மண் உலகிலேயே மிகப் பழைய, மிகச் சத்துக் குறைந்த மண்களில் ஒன்று. குறிப்பாக மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், ரொம்பக் குறைவு. பேங்க்ஸியா, கிரெவிலியா, ஹேக்கியா சேர்ந்த புரோட்டியேசி குடும்பம் இந்தப் பஞ்சத்திலேயே வளர்ந்து பழகியது. பாட்டில் கழுவும் பிரஷ் போல நெருக்கமான வேர்க்கொத்துகளை விட்டு, அவற்றிலிருந்து அமிலத்தைக் கசியவைத்து, மண்ணோடு ஒட்டிக்கிடக்கும் மணிச்சத்தைத் துளித்துளியாகப் பிரித்து எடுக்கும். கிடைத்ததையெல்லாம் உறிஞ்சித்தான் அதற்குப் பழக்கம். "போதும்" என்று நிறுத்தும் வழி அதில் பல வகைகளுக்குக் கிடையாது. கோழி எருவில் மணிச்சத்து மிக அதிகம். செடி அதை அளவில்லாமல் இழுத்து, இலையில் சேர்த்து, அதிலேயே நஞ்சாகிப் போகும். எலும்புத்தூள், சூப்பர் பாஸ்பேட், ரோஜாவுக்கென்று விற்கும் உரம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உரம் போட்டே ஆக வேண்டும் என்றால் மணிச்சத்து குறைந்த, நாட்டுச்செடிகளுக்கென்றே விற்கும் மெதுவாகக் கரையும் குருணையில் ஒரு சிட்டிகை போதும். முதல் வருடம் அதுகூட வேண்டாம்.

இலை கருகியது காற்றால். கோடையில் மதியத்துக்கு மேல் தென்மேற்கிலிருந்து வருமே, ஊரே "ஃப்ரீமேண்டில் டாக்டர்" என்று கொண்டாடும் கடற்காற்று, நமக்கு அது மருத்துவர்தான். இளந்தளிருக்கு இல்லை. அலை உடையும்போது தெறிக்கும் உப்புத் திவலை அந்தக் காற்றில் ஏறி வந்து இலையில் படிகிறது. காய்ந்ததும் உப்பு இலையின் ஈரத்தை இழுக்கிறது. அகலமான, வழுவழுப்பான மழைக்காட்டு இலைக்கு அதைத் தாங்கத் தெரியாது. தகரவேலி தடுக்கும் என்று நினைத்திருப்பீர்கள். முழுதாக அடைத்த வேலி காற்றை நிறுத்தாது. காற்று அதன் மேல் ஏறிக் குதித்து, உள்பக்கம் சுழலாக இறங்கும். இடைவெளி விட்டுக் காற்றைச் சல்லடையாகச் சலிக்கும் செடிவரிசைதான் வேகத்தைக் குறைக்கும். நம் ஊர்க் கடற்கரைகளில் சவுக்குத்தோப்பு செய்யும் வேலை அதுதானே. அந்தச் சவுக்கும் வடக்கு ஆஸ்திரேலியாவின் இயல்மரங்களில் ஒன்று.

சரி, என்ன வைப்பது? கடைக்குப் போவதற்கு முன் ஒரு மாலை கடற்கரைக்கு நடந்து போங்கள். பாதையின் இரண்டு பக்கமும் கம்பிக்குள் வளர்வதைப் பாருங்கள். அலைக்கு அருகே முதலில் தெரிவது ஸ்பினிஃபெக்ஸ் புல், நம் ஊர் மணலில் உருண்டோடும் இராவணன் மீசையின் இனம். அதற்குப் பின்னால் தரையோடு படுத்த சாம்பல்நிறச் செடிகள், அப்புறம் இடுப்பளவுப் புதர்கள், அப்புறம் ஆளுயரம். உங்கள் தோட்டமும் அந்த வரிசையில் அமைந்தால் போதும். அங்கிருந்து கிளை ஒடித்து வராதீர்கள். மணல்மேட்டுச் செடிகள் பாதுகாக்கப்பட்டவை. படம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்றின் முதல் அடியை வாங்க ஒலியாரியா ஆக்ஸில்லாரிஸ். கடலோர டெய்சிப்புதர் என்பார்கள். சின்ன இலை, அதன்மேல் வெள்ளைப் பூம்பஞ்சு. அந்தப் பஞ்சு உப்பை இலைத்தோலில் படவிடாமல் தாங்கும், வெயிலைத் திருப்பியடிக்கும், ஈரத்தையும் காக்கும். கடலோரச் செடிகளில் பாதி ஏன் வெள்ளிநிறமாக இருக்கின்றன என்பதற்கு விடை அதுதான். கசக்கினால் நல்ல மணம். இரண்டு மீட்டர் வரை போகும், கவாத்தும் தாங்கும். பூவுக்குப் பெரிய அழகில்லை. அதன் காலடியில் ஸ்கேவோலா கிராஸிஃபோலியா வையுங்கள். பாதியைக் கிழித்து வைத்த விசிறி போல நீலப்பூ. இந்த இனத்தின் இன்னொரு செடி தமிழ்நாட்டு, இலங்கைக் கரைகளிலும் உண்டு, பூவைப் பார்த்ததும் அடையாளம் தெரியும்.

ஆறடி மறைப்புக்கு என் முதல் தேர்வு ஸ்பைரிடியம் குளோபுலோசம். மேலே கரும்பச்சை, கீழே வெள்ளை. அடர்த்தியாக வளரும். நம் கரையின் சொந்தச் செடி. ஆனாலும் தோட்டங்களில் அதை அதிகம் காணோம், எனக்கு இது எப்போதும் வருத்தம். அதோடு கிரெவிலியா ஒலிவேசியாவைக் கலந்து வையுங்கள். லீமன், ஜூரியன் பே பக்கத்துக் கடலோரத்தின் செடி, சுண்ணாம்பைத் தாங்கும், ஆலிவ் போன்ற இலை, குளிர்காலத்தில் சிவப்போ மஞ்சளோ பூக்கும். மூன்று மீட்டருக்கு மேல் போக விடாமல் வருடம் ஒருமுறை வெட்டினால் போதும். இடையில் ஒன்றிரண்டு டெம்பிள்டோனியா ரெட்டூசா. பெரிய சிவப்பு அவரைப்பூ, குளிர்காலம் முழுக்கத் தேனுண்ணிப் பறவைகள் அதை விடாது. சுண்ணாம்பு இருந்தால்தான் அதற்குச் சந்தோஷம். முதல் வருடம் அசையாமல் நிற்கும், பயப்படாதீர்கள்.

ஒரே வகையை வரிசையாக வைக்காமல் மூன்றைக் கலக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒன்று நோயில் போனாலும் வேலி ஓட்டையாகாது. 12 மீட்டருக்கு வேலியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக எட்டுப் புதர் போதும். முன்வரிசைக்கு ஒலியாரியா ஆறு. நெருக்கி நட்டால் வேகமாக அடைக்கும் என்று தோன்றும், நாலாவது வருடம் உள்ளே எல்லாம் குச்சியாகி நிற்கும்.

இவை கிடைக்கவில்லை என்றால் வெஸ்ட்ரிஞ்சியா ஃப்ருட்டிகோசா வாங்குங்கள். அது நியூ சவுத் வேல்ஸின் கடற்பாறைச் செடிதான், இங்கே அன்னியம். ஆனால் உப்புக்காற்றில் அசராது, எந்தக் கடையிலும் கிடைக்கும், கத்தரித்தால் சுவர்போல் நிற்கும். கோஸ்ட் டீ ட்ரீ என்று லெப்டோஸ்பெர்மம் லேவிகாட்டத்தை யாராவது காட்டினால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கிழக்கில் அது இயல்செடி, மேற்கு ஆஸ்திரேலியாவில் காட்டுக்குள் பரவும் களை. பெயரை நம்பியும் வாங்காதீர்கள். பேங்க்ஸியா லிட்டொராலிஸ் என்றால் "கரையோர" என்று பொருள், செடி வளர்வதோ சதுப்பில். பேங்க்ஸியா ஆசை விடவில்லையென்றால் சுண்ணாம்பில் வளரும் பேங்க்ஸியா செசிலிஸ் இருக்கிறது. அழிவின் விளிம்பில் உள்ள கார்னபிக் கருங்கொண்டைக்கிளிகளுக்கு அது உணவு. இலை முள்ளாகக் குத்தும், குழந்தைகள் ஓடும் இடத்தில் வேண்டாம்.

பூஜைக்கு அலியோகைனி ஹியூகலை. செம்பருத்திக் குடும்பம், இந்த மாநிலத்தின் செடி, பட்டுபோல் ஊதாப்பூ. ஒரு பூ ஓரிரு நாள்தான், ஆனால் வசந்தத்தில் தொடங்கி மாதக்கணக்கில் தினமும் புதிதாக மலரும். காற்றுக்கு நேரே வைத்தால் கிளை ஒடியும், ஆகவே வீட்டுச் சுவரோரம். பூத்து முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். ஆயுள் குறைவு, ஏழெட்டு வருடத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். தரையில் பரவ எரிமோஃபிலா கிளாப்ராவும் அகேசியா லாசியோகார்ப்பாவும் நன்றாக இருக்கும்.

இனி மாதம். நவம்பரில் நட்டது, ஊரில் சித்திரை வெயிலில் நட்டதற்குச் சமம். இங்கே மழை பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரைதான். நமக்கு ஆடிப்பட்டம் போல இங்கே ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை. இந்த மண்ணின் மூத்த குடியான நூங்கார் மக்கள், நம் கார், கூதிர் கணக்குப்போல ஆண்டை ஆறு பருவமாகப் பிரிக்கிறார்கள். வெயில் தணியும் ஜெரான் பருவத்தில் குழி, மழைக்குளிரான மக்குருவுக்குள் நடவு என்று வைத்துக்கொண்டால் தப்பாது. மழை வேரை ஆழத்துக்கு இழுத்துப்போக நாலைந்து மாதம் கிடைக்கும்.

பெரிய தொட்டிச்செடி வாங்காதீர்கள். விரல்நீள டியூப் கன்று வாங்குங்கள். ஒரு தொட்டியின் விலைக்கு ஐந்தாறு டியூப் கிடைக்கும். வேர் சுருளாமல் நேரே இறங்குவதால் இரண்டே வருடத்தில் தொட்டிச்செடியைப் பிடித்துவிடும். பெர்த் மாநகரத்தில் சில கவுன்சில்கள் குடியிருப்போருக்குக் குறைந்த விலையில் இயல்செடி தருகின்றன, உங்கள் கவுன்சிலில் கேளுங்கள். கிங்ஸ் பார்க் நண்பர்கள் அமைப்பின் செடி விற்பனையும் நல்ல இடம்.

நடும்போது ஒரு சோதனை செய்யுங்கள். குழியில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். முத்து முத்தாக நின்றால் மணல் நீரைத் தள்ளுகிறது. இலைதழை மக்கிய மெழுகு மணல்துகளைப் பூசியிருப்பதால் அப்படி. ஈரமூட்டி மருந்தைக் கலந்து நனைத்த பிறகே நடுங்கள். மேலே மூன்று விரல்கட்டை உயரத்துக்குச் சொரசொரப்பான மரச்சிம்பு மூடாக்கு, தண்டைத் தொடாமல். பொடியான மூடாக்கு தண்ணீரைத் தானே குடித்துவிடும். காற்றுப் பக்கம் மூன்று குச்சி நட்டு நிழல்வலைத் துண்டு கட்டுங்கள், ஒரு கோடை தாண்டியதும் எடுத்துவிடலாம்.

முதல் இரண்டு கோடை வாரம் இருமுறை, செடிக்கு அரை வாளி, காலையில், வேரடியில். தினமும் தெளித்தால் வேர் மேலேயே சுற்றும். மூன்றாம் கோடையிலிருந்து இந்தப் புதர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும்.

பழைய குழிகளைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். எரு கலந்த மண்ணை அள்ளி எடுத்துக் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் கத்தரிப் பாத்திக்கும் போடுங்கள், அவற்றுக்கு அது விருந்து. நிற்கும் இரண்டு லில்லி பில்லிகளையும் மே மாதம் வேர்மண்ணோடு பெயர்த்து, பெரிய தொட்டியில் வைத்து, வீட்டின் கிழக்குப் பக்கம் காற்று படாத இடத்துக்கு மாற்றுங்கள். அங்கே அவை பிழைக்கும்.