விடுதியில் சேர்ந்த செடிப்பைத்தியங்கள்: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மகளுக்கு 11 வயது. எந்நேரமும் செடி, பூச்சி என்றே கிடப்பாள். விடுதியில் சேர்த்து ஒரு வாரமாகத் தினமும் அழுகிறாள். கூட்டி வந்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதல் சில வாரங்கள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இப்படித்தான், மெல்லக் குறையும். ஆனால் உங்கள் மகள் அம்மா அப்பாவை மட்டுமா விட்டுப் போயிருக்கிறாள்? காலையில் எழுந்ததும் ஓடிப் பார்த்த செடிகளையும்தானே! அதை யாரும் விசாரிப்பதில்லை. “சாப்பிட்டாயா?” என்பதோடு “இன்று என்ன பார்த்தாய்?” என்றும் கேளுங்கள்.

ஜன்னலோரம் வட்டவலைச் சிலந்தி இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். இவற்றில் பல, பழைய வலையைத் தின்றுவிட்டு ராத்திரியில் புதிதாகப் பின்னும். நடுவிலிருந்து விரியும் ஒட்டாத இழைகள் முதலில், பசையுள்ள சுருள் கடைசியில். வீட்டு நினைப்பு வாட்டுவது ராத்திரியில்தான், அப்போது பார்க்க ஒன்று வேண்டும். சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் நாட்கள் நீண்டால் மட்டும் காத்திருக்காமல் காப்பாளரிடமும் மருத்துவரிடமும் பேசுங்கள்.

கேள்வி: தினமும் போன் செய்யலாமா?

பதில்: செய்யலாம். தூங்கப் போகிற நேரத்தில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: மகன் கம்பளிப்புழுவைப் பாட்டிலில் வளர்க்கிறான். காப்பாளர் திட்டுகிறார்.

பதில்: நான் காப்பாளர் கட்சி. பல புழுக்கள் குறிப்பிட்ட சில செடிகளின் இலையைத்தான் தின்னும். வேறு இலை போட்டால் பட்டினியில் சாகும். ஏற்கெனவே ஏங்கும் பிள்ளை அதையும் பார்க்க வேண்டுமா? செடியிலேயே விட்டுவிட்டுத் தினமும் போய்ப் பார்க்கட்டும்.

கேள்வி: கீழே விழுந்த குஞ்சை மகள் கூட்டில் வைத்தாளாம். கைபட்டால் தாய் சேர்க்காதே?

பதில்: அது தவறான நம்பிக்கை. இறகு முளைக்காத குஞ்சென்றால் அவள் செய்தது சரி.

கேள்வி: ஒப்புக்கொள்ள மாட்டேன். நாங்கள் தொட்ட குஞ்சிடம் தாய் வரவே இல்லை. அங்கேயே நின்று பார்த்தோம்.

பதில்: நின்றதுதான் காரணமாக இருக்கும். பக்கத்தில் ஆள் இருந்தால் தாய் இறங்காது. தள்ளிப்போய் மறைந்து பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் எந்தக் குஞ்சையும் தூக்கலாமா?

பதில்: கூடாது! இறகு முளைத்து, பறக்கப் பழகும் குஞ்சுகள் சில நாள் தரையில்தான் திரியும். தாய் தேடி வந்து இரை கொடுக்கும். பூனை வரும் இடமென்றால் பக்கத்துப் புதரில் விடலாம், அவ்வளவுதான். அறைக்குக் கொண்டுபோவதும் பால் புகட்டுவதும் அதைக் கொல்வதற்குச் சமம்.

கேள்வி: மகன் இருக்கும் விடுதியில் மரமே இல்லை.

பதில்: நிலா இருக்கிறதே. சராசரியாக நாளுக்கு 50 நிமிடம் பிந்தி உதிக்கும். அவன் அங்கே, நீங்கள் இங்கே நேரத்தைக் குறித்து வையுங்கள். வித்தியாசம் வந்தால் ஏனென்று பேசலாம்.

கேள்வி: எத்தனை தடவை போன் செய்யலாம்?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: வண்டு வளர்க்க டப்பா கேட்கிறான்.

பதில்: டப்பா, பாட்டில், கூண்டு எதுவும் வேண்டாம். பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியே கொடுங்கள்.

கேள்வி: மைதானத்தில் பாம்பைப் பார்த்தானாம்.

பதில்: என்னிடம் கேட்டு நேரத்தைப் போக்காதீர்கள். இப்போதே காப்பாளருக்குச் சொல்லுங்கள்.