அருங்காட்சியகத்தில் பழைய படம்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

அருங்காட்சியகம் ஒன்றில் 1940களின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைத் திரையிட்டார்கள். அதன் படப்பிடிப்பை நேரில் பார்த்த உள்ளூர்ப் பெரியவர் அறிமுகம் செய்தார். முக்கால் மணி நேரம் பேசி, முடிவையும் சொல்லிவிட்டார். படத்தில் எல்லோர் முகமும் உப்பித் தெரிந்தது. வசனம் பாதி புரியவில்லை. அடுத்த திரையிடலுக்கு என்னையும் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்? அறிமுகமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

க.

அன்புள்ள க.,

அறிமுகம் இருக்கட்டும், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த உப்பிய முகங்கள்.

அந்தக் காலப் பேசும்படங்கள் பெரும்பாலும் 1.37:1 சட்டகத்தில், அதாவது உயரம் 1 என்றால் அகலம் 1.37 என்ற அளவில், எடுக்கப்பட்டவை. இன்றைய புரொஜெக்டர் பெரும்பாலும் 16:9, அதாவது 1.78:1. மெனுவில் யாரோ 'ஸ்ட்ரெச்' வைத்திருந்தால் படம் பக்கவாட்டில் ஏறக்குறைய 30 சதவீதம் இழுபடும். 'ஜூம்' அதைவிட மோசம்: முகம் சரியாக இருக்கும், ஆனால் உயரத்தில் கால்வாசி போய்விடும், தலை வெட்டுப்படும், சப்டைட்டில் கீழே விழுந்துவிடும். இருபுறமும் கறுப்புப் பட்டை இருக்கத்தான் வேண்டும். "ஏன் திரை முழுக்க வரவில்லை?" என்று கேட்க ஒருவர் நிச்சயம் வருவார், விட்டுக்கொடுக்காதீர்கள். சரிபார்க்க எளிய வழி உண்டு. நேருக்கு நேர் தெரியும் கடிகாரமோ சக்கரமோ வரும் காட்சியில் படத்தை நிறுத்தி, திரையிலேயே டேப் வைத்து அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அதே மெனுவில் 'மோஷன் ஸ்மூத்திங்' போன்ற பெயரில் எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள்; அது பழைய படத்தைத் தொலைக்காட்சித் தொடர்போல வழுக்க வைக்கும்.

வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு. 12 அடி அகலம், 8.75 அடி உயரமுள்ள படத்தின் பரப்பு 105 சதுர அடி. திரையின் பளிச்சை அளக்கும் அலகு ஃபுட்-லாம்பர்ட்; புரொஜெக்டர் தரும் ஒளியின் அலகு லூமென். திரையரங்க அளவான 14 ஃபுட்-லாம்பர்ட் வேண்டுமென்றால் சாதாரண வெள்ளைத் திரைக்குச் சுமார் 1,500 லூமென் தேவை. பக்கப் பட்டைகளில் வீணாவதையும் சேர்த்தால் 2,000. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். நிறம் சரியாக வரும் 'சினிமா' அமைப்பில் வெளிச்சம் வெகுவாகக் குறையும். ஆனால் பெரும்பாலும் கெடுப்பது புரொஜெக்டர் அல்ல, அணைக்க மறந்த கண்ணாடிப் பேழை விளக்குகள். அவை எரியும்வரை கறுப்பு சாம்பலாகவே தெரியும். வெளியேறும் வழி விளக்கை மட்டும் தொடக்கூடாது.

வசனம் புரியாததற்குக் காரணம் பெரும்பாலும் அருங்காட்சியகத்தின் கல்தரையும் உயர்ந்த கூரையுமாக இருக்கும். ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும். ஸ்பீக்கரைப் பார்வையாளர்களுக்கு அருகே கொண்டுவந்து, பின்சுவரை அல்ல, தலைகளை நோக்கித் திருப்புங்கள், ஒலியைக் குறையுங்கள், பின்சுவரில் கனத்த திரைச்சீலை தொங்கவிடுங்கள். படம் மோனோ, அதாவது ஒற்றை ஒலித்தடம், என்றால் திரையின் நடுவுக்கு நேராக ஒரே ஸ்பீக்கர் போதும். பாஸை, அதாவது அடித்தொனியை, கூட்டவே கூடாது. பழைய ஒலித்தடத்தில் அங்கே முழக்கத்தைத் தவிர அதிகம் ஒன்றும் இல்லை.

தரை சமதளம் என்றால் திரையின் கீழ்விளிம்பு நாலரை அடி உயரத்திலாவது இருக்கட்டும்.

உரிமை: பதிப்புரிமைக் காலம் முடியாத படம் என்றால், வீட்டுக்கென வாங்கிய டிஸ்க்கைப் பொதுவில் போட, நுழைவு இலவசம் என்றாலும், தனி அனுமதி வேண்டும். எழுத்தில் வாங்குங்கள். டிசிபி, அதாவது திரையரங்குகளுக்கான டிஜிட்டல் படக்கோப்பு, அனுப்புவதாகச் சொன்னால் பூட்டிய கோப்பா என்று கேளுங்கள். பூட்டியது என்றால் எந்த சர்வருக்குச் சாவி கொடுத்தார்களோ அதில்தான், குறித்த நேரத்துக்குள்தான் ஓடும்.

இனி பெரியவர். தவறு அவருடையது அல்ல, "படத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டவர்களுடையது. அப்படிக் கேட்டால் யாரும் கதையைத்தான் சொல்வார்கள். இயக்குநர் வரலாறு யாருக்கும் கிடைக்கும். கேமரா எங்கே நின்றது, கூட்டத்தை எப்படிச் சேர்த்தார்கள், படத்தில் தெரியும் எந்தக் கட்டடம் இன்று இல்லை என்பதெல்லாம் அவரிடம் மட்டுமே இருக்கிறது. ஒருவர் பக்கத்தில் அமர்ந்து மூன்று கேள்வி கேட்கட்டும், பத்து நிமிடம். படத்தின் முதல் 20 நிமிடத்தில் வருவதை மட்டும் தொடலாம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஆண்டுகளை மட்டும் ஆவணத்தோடு ஒத்துப் பாருங்கள். நினைவு அங்கேதான் வழுக்கும். கையில் மைக் கொடுத்தால் இரண்டாம் நிமிடத்தில் அது மடிக்கு இறங்கிவிடும், மேசை ஸ்டாண்டில் வையுங்கள்.

மீதிப் பேச்சு படம் முடிந்த பிறகு. அவர் குறிப்பிடப்போகும் காட்சிகளை அப்போது திரையில் நிறுத்திக் காட்டலாம். அவற்றின் நேரக்குறிப்பை இயக்குபவரிடம் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தை உட்காரவைத்துக்கொண்டு தேடினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.