மானைத் துரத்தும் சிறுத்தை: படம் நிஜமா?

கேள்வி: கிண்டி பூங்காவில் தானியங்கி கேமராவில் சிக்கியதாக, புள்ளிமானைச் சிறுத்தை துரத்தும் இரவுப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம்பலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: கிண்டியில் புள்ளிமான், வெளிமான், நரி உண்டு. சிறுத்தை வாழ்வதில்லை, சந்தேகம் அங்கேயே வந்திருக்க வேண்டும்! அகச்சிவப்பு ஒளியில் எடுத்த இரவுப் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். விளக்கு லென்ஸை ஒட்டியே இருப்பதால் கிட்டே நிற்பது வெளிறும், தூரத்தில் இருப்பது மங்கும். கேமராவிலிருந்து இன்னும் தூரத்தில் வரும் சிறுத்தை மானைவிடப் பளிச்சென்று தெரிந்தால் ஒட்டுவேலை என்று சந்தேகிக்கலாம்.

படத்தின் அடிப்பட்டையில் தேதி, நேரத்தோடு சில கேமரா மாடல்கள் அன்றைய நிலாவின் வடிவத்தையும் காட்டும். நிலாவைத் தேதியை வைத்துத்தான் கேமரா கணக்கிடுகிறது. கடிகாரம் தப்பாக இருந்தாலும் இரண்டும் பொருந்தியாக வேண்டும். முழுநிலா காட்டும் தேதி தினசரி காலண்டரில் அமாவாசை என்றால் குட்டு உடைந்தது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் கேமரா விவரங்கள் அழிந்திருக்கும். மெமரி கார்டில் உள்ள அசல் கோப்பையும், முன்னும் பின்னும் பதிவான படங்களையும் கேளுங்கள்.