ஆர்.வி.யில் ஒரு வாரம்: அரிசியைப் பிடித்துக்கொண்டு லூசியானா போங்கள்

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம். மதுரையிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். நவம்பர் கடைசியில் திரும்புகிறார்கள். அதற்குள், அக்டோபரில் ஒரு வாரம் ஆர்.வி. (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டி) வாடகைக்கு எடுத்து லூசியானா போய்வர ஆசை. லாஃபயெட்டிலும் பேட்டன் ரூஜிலும் என் கல்லூரி நண்பர்கள் இருக்கிறார்கள். வீட்டு வாசலிலேயே வண்டியைப் போட்டுக்கொள் என்கிறார்கள். கடைசியில் நியூ ஆர்லியன்ஸ். அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் சாப்பிடுவார். அம்மா சுத்த சைவம். மகளுக்கு 8 வயது. கடை கடையாகச் சாப்பிட்டுவிட்டு வராமல், அந்தச் சாப்பாட்டின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். இதுவரை ஆர்.வி. ஓட்டியதில்லை. சரிவருமா?

பதில்: சரிவரும். ஆனால் ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.வி. ஊர் சுற்றும் வண்டி இல்லை. அது வீடு. வீட்டை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு நண்பர் காரில் சுற்றுகிறவர்களுக்கு இந்தப் பயணம் இனிக்கும். கடைத்தெருவுக்கெல்லாம் வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் மூன்றாம் நாளே வீட்டில் சண்டை போடுவார்கள்.

ஐந்து பேருக்கு, ஓட்டுநர் தலைக்கு மேலே படுக்கை இருக்கும் சி வகை வண்டி, 25 முதல் 28 அடி நீளத்தில் போதும். விளம்பரத்தில் ஆறு பேர் படுக்கலாம் என்று இருக்கும். அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள், இருக்கை பெல்ட் எத்தனை என்று கேளுங்கள். படுக்கையும் பெல்ட்டும் ஒரே எண்ணிக்கையில் இருக்காது. வண்டி ஓடும்போது அம்மா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்பதையும் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் கார் காப்பீடு வாடகை ஆர்.வி.க்குச் செல்லுமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். பல நேரம் செல்லாது.

உயரம்தான் புதிதாக ஓட்டுகிறவர்கள் மறக்கும் விஷயம். இந்த வண்டிகள் 11, 12 அடி இருக்கும். சரியான எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். டிரைவ்-த்ரூ பக்கமே போக வேண்டாம். அப்புறம் மரக்கிளை. லூசியானாவின் ஓக் மரங்கள் கையை நீட்டி வாசலை மறைத்துக்கொண்டு நிற்கும், பார்க்க அவ்வளவு அழகு. என் முதல் பயணத்தில் அந்த அழகைப் பார்த்துக்கொண்டே பின்னால் எடுத்தேன். கூரையில் இருந்த ஏ.சி. மூடி நண்பரின் புல்வெளியில் விழுந்தது. பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நிற்க வேண்டும், அவர் மேலே பார்க்க வேண்டும்.

நண்பர் வீட்டு வாசலில் நிறுத்துவதை ஆர்.வி.காரர்கள் மூச்டாக்கிங் என்பார்கள். நம் பாஷையில் ஓசி. அதற்கும் முறை உண்டு. அந்தக் குடியிருப்புச் சங்கம் ஆர்.வி.யை இரவில் நிறுத்த விடுமா என்று நண்பர் முதலிலேயே கேட்டுச் சொல்லட்டும். டிரைவ்வே சரிவாக இருந்தால் தூக்கம் வராது. மின்சாரம்தான் பெரிய தொல்லை. முகாம்களில் 30 ஆம்பியர் இணைப்பு இருக்கும், அதாவது 3,600 வாட் வரை. வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண பிளக் 15 ஆம்பியர், 1,800 வாட்தான். கூரை ஏ.சி. ஒன்றே அதில் பெரும்பகுதியை இழுத்துவிடும். ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவ் போட்டால் பிரேக்கர் டிரிப் ஆகும். இணைக்க அடாப்டர் வேண்டும். மெலிசான எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டாதீர்கள், வயர் சூடேறி உருகும். 10 கேஜ் தடிமன் உள்ள வயர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கழிவுநீரைப் பற்றிச் சொல்ல எல்லாரும் கூச்சப்படுவார்கள். பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் கிரே டேங்க்கில் போகும். கழிப்பறையுடையது பிளாக் டேங்க். இந்த அளவு வண்டியில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30, 40 காலன் பிடிக்கும். ஐந்து பேர் உள்ளேயே குளித்தால் இரண்டு நாளில் கிரே நிரம்பிவிடும். எனவே நண்பர் வீட்டில் குளியுங்கள், இரவில் மட்டும் வண்டியின் கழிப்பறை. பிளாக் வால்வை எப்போதும் மூடியே வையுங்கள். திறந்துவைத்தால் தண்ணீர் ஓடிப்போய்க் கெட்டியானது உள்ளேயே தங்கிவிடும். காலி செய்வதும் நண்பர் வீட்டில் வேண்டாம், கழிவைக் கொட்டுவதற்கென்றே இருக்கும் டம்ப் ஸ்டேஷனில்தான். பிளாக் முதலில், கிரே பிறகு. சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும்.

சரி, பாதைக்கு வருவோம். வியாழக்கிழமை கிளம்புங்கள். ஏன் வியாழன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஐ-10 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் லேக் சார்ல்ஸில் 1952-இல் திறந்த ஒரு செங்குத்தான பாலம் வரும். பக்கக் கம்பிகளில் குறுக்கும் நெடுக்குமாகக் கைத்துப்பாக்கி வடிவம் போட்டிருப்பார்கள். மகள் எண்ணட்டும், நீங்கள் வலது தடத்தில் மெதுவாக ஏறுங்கள். ஹூஸ்டனிலிருந்து லாஃபயெட் சுமார் 215 மைல். முதல் நாளுக்கு அதுவே அதிகபட்சம்.

லாஃபயெட்டுக்கு முன்னால் வரும் கிரௌலியில்தான் உங்கள் கதை தொடங்குகிறது. அமெரிக்காவின் அரிசித் தலைநகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர். அங்கே மேல்மண்ணுக்கு அடியில் களிமண் தட்டு ஒன்று இறுகிக் கிடக்கிறது. தண்ணீர் கீழே இறங்காது. முதலில் அங்கிருந்த, பிரெஞ்சு பேசும் கேஜன் மக்கள் தாழ்வான பள்ளங்களில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருந்தார்கள். அதற்குப் பெயரே பிராவிடன்ஸ் ரைஸ், கடவுள் விட்ட வழி நெல். நம் மானாவாரிதான். 1880-களில் ரயில் வந்த பிறகு, வடக்கே கோதுமை விளைவித்தவர்கள் இங்கே வந்து இயந்திரம், வாய்க்கால், பம்பு என்று இறங்கி நெல்லைப் பெரிய தொழிலாக்கினார்கள். 1937-இலிருந்து அக்டோபரில் அரிசித் திருவிழா நடக்கிறது. உங்கள் தேதி அதோடு மோதினால் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

அறுவடை முடிந்த வயலில் மறுபடி தண்ணீர் கட்டியிருப்பார்கள். அடுத்த போகத்துக்கு இல்லை, கிராஃபிஷுக்கு. வளையில் கிடக்கும் கிராஃபிஷ் தண்ணீர் வந்ததும் வெளியே வரும். குளிர்காலம் முதல் வசந்தம் வரை அதே வயலில் கூண்டு வைத்துப் பிடிப்பார்கள். ஒரே நிலத்தில் நெல், அப்புறம் நண்டு மாதிரி ஒரு ஜீவன். அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: அக்டோபர் கிராஃபிஷ் காலமில்லை, மார்ச்சிலிருந்து மே வரைதான் உச்சம். இப்போது தட்டில் வருவது பெரும்பாலும் உறைய வைத்ததாக இருக்கும்.

லாஃபயெட்டில் இரண்டு இரவு. அப்பாவுக்குப் பக்கத்து ஸ்காட் ஊரில் பூடான் வாங்கிக் கொடுங்கள். பன்றி இறைச்சி, ஈரல், சோறு, வெங்காயத்தாள் எல்லாம் பிசைந்து குடலில் அடைத்த பண்டம். பெட்ரோல் பங்கில் சூடாக விற்பார்கள். பங்கில் சாப்பாடா என்று முகம் சுளிக்க வேண்டாம், நல்ல பூடான் அங்கேதான் கிடைக்கும். தோலைக் கடிக்காமல் உள்ளிருப்பதைப் பிதுக்கிச் சாப்பிடுவது உள்ளூர் வழக்கம். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் ஊரே கூடி ஒரு பன்றியை அறுத்து, கெடுவதற்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். மிஞ்சியதை வீணாக்காமல், சோற்றைச் சேர்த்து அளவைக் கூட்டியதுதான் பூடான். பிரிட்டிஷார் 1755-இல் தொடங்கிக் கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியிலிருந்து விரட்டிய அகேடியர்கள் 1760-களில் இங்கே வந்து சேர்ந்தார்கள். அகேடியன் என்ற சொல் தேய்ந்துதான் கேஜன் ஆனது. இழந்து வந்தவர்களின் சமையல் என்று தெரிந்து சாப்பிட்டால் அந்தச் சிக்கனம் புரியும்.

வெள்ளிக்கிழமை நண்பர் காரில் நியூ ஐபீரியா. அங்கே 1912-இல் தொடங்கி இன்றும் ஓடுகிற கொன்ரிகோ அரிசி ஆலையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஏவரி தீவு. பெயர்தான் தீவு, நிஜத்தில் சுற்றிலும் சதுப்பு நிலத்துக்கு நடுவே எழும்பி நிற்கும் உப்பு மேடு. 1868-இலிருந்து டபாஸ்கோ மிளகாய்ச் சாஸ் செய்வது அங்கேதான். பழுத்த மிளகாயை உப்போடு அரைத்து, ஓக் மரப் பீப்பாயில் அடைத்து, மூடிமேல் உப்பைக் கொட்டி மூன்று ஆண்டுகள் வரை ஊறவிடுகிறார்கள். அதன் பிறகு வினிகர். அவ்வளவுதான் சரக்கு. அம்மாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்காது, ஊறுகாய் போட்டவருக்குத் தெரியும். மிளகாய் இந்தக் கண்டத்துச் செடி, போர்த்துகீசியர் வழியாகத்தான் நம் அம்மிக்கு வந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள். நம்ப மாட்டார்.

அன்று இரவு லாஃபயெட் நண்பர் வீட்டு அடுப்பில் கம்போ என்ற கெட்டிக் குழம்பு செய்யச் சொல்லுங்கள், சைவமாக. கடையில் கிடைக்கும் கம்போவில் கோழியோ தொத்திறைச்சியோ இறாலோ இல்லாமல் இருக்காது. காய்கறி கம்போ என்று பலகையில் போட்டிருந்தாலும் கொதித்த சாறு எதுவென்று கேளுங்கள். வீட்டில் செய்தால் அந்தக் கவலை இல்லை. எண்ணெயில் மைதாவைச் செங்கல் நிறம் வரும்வரை கிண்ட வேண்டும், அதற்குப் பெயர் ரூ. அதில் வெங்காயம், செலரி, குடைமிளகாய். அப்புறம் வெண்டைக்காய். நாம் வழவழப்பு போக வதக்குவோம், அவர்களுக்கு அந்த வழவழப்புதான் குழம்பைக் கெட்டியாக்குவது. மத்திய ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் வெண்டைக்காய்க்கு இருந்த கி-ங்கொம்போ என்ற பெயரே கம்போ ஆனது என்று பலரும் சொல்கிறார்கள். வெண்டைக்காய்க்குப் பதில் சாசஃப்ரஸ் இலைப் பொடி போட்டும் கெட்டியாக்குவார்கள், அது சாக்டா பழங்குடிகள் கொடுத்தது. ஆக ஒரே சட்டியில் பிரெஞ்சு ரூ, ஆப்பிரிக்க வெண்டை, பழங்குடி இலை, அடியில் சோறு. ரூ கிண்டுவதை மட்டும் ஆர்.வி.க்குள் வைத்துக்கொள்ளாதீர்கள், புகை அலாரம் அலறும்.

சனிக்கிழமை பேட்டன் ரூஜ். வழியில் அட்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் 18 மைல் நீளப் பாலம். காற்று பக்கவாட்டில் தள்ளும், வெளியேற வழியும் அதிகம் இல்லை. பெட்ரோல், கழிப்பறை எல்லாவற்றையும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். பேட்டன் ரூஜில் மிசிசிப்பிப் பாலத்தை மாலை நெரிசலில் தொடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடையது. நண்பர் காரில் ஆற்றோரமாக இறங்கினால் இருபுறமும் கரும்பு. அக்டோபரில் அறுவடை நடக்கும், சாலையில் கரும்பு லாரிகளுக்கு வழிவிட்டே போக வேண்டும். 1795-இல் எத்தியென் தெ போரே இங்கே வணிக அளவில் சர்க்கரை எடுத்துக் காட்டினார். எடுத்தது அடிமைகளின் கைகள். கொதிக்கும் சாற்றைக் கொப்பரைக்குக் கொப்பரை அகப்பையால் அள்ளி ஊற்றினார்கள். நம் ஊர் வெல்ல ஆலைக் கொட்டகையைப் பார்த்தவர்களுக்கு அந்த அனல் தெரியும். அதை மாற்றியவர் நார்பர் ரிலியூ, நியூ ஆர்லியன்ஸில் பிறந்த கலப்பினத்தவர். ஒரு கொப்பரையின் ஆவியே அடுத்த கொப்பரையைச் சூடாக்கும்படி வெற்றிடக் கலன்களை அமைத்து 1843-இல் காப்புரிமை பெற்றார். உங்கள் அப்பா ஆலையில் பார்த்த மல்டிபிள் எஃபெக்ட் எவாப்பரேட்டர் அந்த வழியில் வந்ததுதான். அவரையே மகளுக்கு விளக்கச் சொல்லுங்கள்.

அந்தக் கரையில் பெரிய மாளிகைகள் வரிசையாக உண்டு. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் விட்னி தோட்டத்துக்குப் போங்கள். 2014-இல் திறந்த அந்த அருங்காட்சியகம் மாளிகையை விட்டுவிட்டு அடிமைகளின் வாழ்க்கையைச் சொல்கிறது. லூசியானாவின் நெல் அறிவே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கட்டிக் கொண்டுவரப்பட்டவர்களுடையது. 1719-இல் வந்த முதல் அடிமைக் கப்பல்களில் விதைநெல்லும் வந்தது. மகளுக்குச் சில இடங்கள் கனமாக இருக்கும், முன்கூட்டிப் பேசிவிட்டுப் போங்கள். அந்தி சாய்வதற்குள் ஓக் அல்லி தோட்ட மாளிகையைத் தாண்டும்போது ஒரு பெயரைச் சொல்லுங்கள்: அந்துவான். அடிமையாக இருந்த தோட்டக்காரர். 1840-களில் பீக்கன் மரத்தை ஒட்டுக்கட்டி, பின்னால் சென்டெனியல் என்று பெயர் பெற்ற முதல் ரகத்தை உருவாக்கியவர். நியூ ஆர்லியன்ஸில் அம்மா வாங்கப்போகும் பிரலீன் மிட்டாயில் இருப்பது பீக்கன் பருப்புதான்.

திங்கள் காலை நியூ ஆர்லியன்ஸ். வியாழன் கிளம்பச் சொன்னது இதற்காக. திங்கள் அங்கே துணி துவைக்கும் நாள். சிவப்பு பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டுத் துவைக்கப் போவார்கள், திரும்பி வரும்போது வெந்திருக்கும், சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள். துவைக்கும் இயந்திரம் வந்துவிட்டது, திங்கள் பீன்ஸ் போகவில்லை. அப்பாவுக்குச் சரி. அம்மாவுக்கு எச்சரிக்கை: பெரும்பாலும் பன்றி எலும்போ தொத்திறைச்சியோ அதிலேயே வெந்திருக்கும். சைவம் என்று தனியாகச் சொல்லும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

வண்டியை ஃபிரெஞ்ச் குவார்ட்டர் என்ற பழைய நகரப் பகுதிக்குள் கொண்டுபோகவே கூடாது. தெருக்கள் குறுகல், பால்கனிகள் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஆற்றின் மேற்குக் கரையில் வெஸ்ட்வேகோ ஊரில் பாயு செக்னெட் மாநிலப் பூங்கா இருக்கிறது. இடத்தை இன்றே பதிவு செய்யுங்கள். அங்கிருந்து வாடகைக் காரில் நகரத்துக்கு.

செவ்வாய் காலை அம்மாவை 1862-இலிருந்து நடக்கும் கஃபே து மோந்துக்கு அழைத்துப் போங்கள். சர்க்கரைத் தூள் குவித்த பென்யே என்ற பொரித்த மாவுப் பண்டம், கூடவே பாதிக்குப் பாதி பால் விட்ட சிக்கரிக் காப்பி. காப்பிக்கொட்டை கிடைக்காத காலங்களில் பிரெஞ்சுக்காரர்கள் பழகிய சிக்கரி இங்கே உள்நாட்டுப் போரின் துறைமுக முற்றுகையில் நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் வந்திறங்கிய நாளிலிருந்து காப்பி சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பாரே, அந்தப் பேச்சு அங்கே நிற்க வாய்ப்பு உண்டு. டப்பாவாகவும் விற்கிறார்கள்.

நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஹூஸ்டன் 350 மைல். புதிதாக ஓட்டுகிறவர் ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம். செவ்வாய் நண்பகல் பூங்காவிலேயே இரண்டு டேங்க்கையும் காலி செய்துவிட்டுக் கிளம்பி, லாஃபயெட் நண்பர் வீட்டில் ஓர் இரவு. கம்போ செய்த சட்டி அங்கேதான் இருக்கும், அதையும் எடுத்துக்கொள்ளலாம். மொத்தத்தில் ஆர்.வி. 700 மைலுக்குக் கொஞ்சம் கூட ஓடும். காலனுக்கு 8 முதல் 10 மைல் என்று வைத்து பெட்ரோல் கணக்குப் போடுங்கள். புயல் பருவம் நவம்பர் 30 வரை என்பதால், பதிவை ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா என்று கேட்டபிறகே கட்டுங்கள்.